‘அடிங்க’ என்று சொன்னவர்

என் வீட்டுக்காரர் சத்தத்தை வாடகைக்கு விடுகிறவர். மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர் மூட்டைகள் எல்லாம் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. மேல்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். கீழே இடம் போதாமல் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக மாடியேறி வந்து பல வருஷம் ஆகிறது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விருந்தாளி வந்தால் உட்கார வைப்பதும் ஸ்பீக்கர் பெட்டி மேல்தான். அவர்கள் எழுந்து போன பிறகு பெட்டிக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று இவர் தடவிப் பார்ப்பார். விருந்தாளிக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

தெருவில் இவருக்குப் பெயர் ஹலோ. மைக்கைக் கையில் எடுத்தால் முதல் வார்த்தை அதுதான் என்பதால் வந்த பெயர். போன் மணி அடித்து இவர் எடுத்து “ஹலோ” என்றால், அந்தப் பக்கம் “ஹலோவா?” என்று கேட்பார்கள். “ஹலோதான்” என்பார். “ஹலோ, ஒரு மைக் செட் வேணும்” என்பார்கள். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இரண்டு பேருக்குமே லைன் சரியில்லை என்று தோன்றும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி நான். எனக்கும் குரல் உண்டு. வெளியே வருவதற்குத்தான் கொஞ்சம் யோசிக்கும். கடையில் போய் நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைக்காரர் நிமிர்ந்து, “நீங்க எப்பம்மா வந்தீங்க?” என்பார். “இப்பத்தான்” என்பேன். கால் வலிப்பதைச் சொல்ல மாட்டேன். படிப்பை ஏன் பாதியில் விட்டாய் என்று யாராவது கேட்டால் வீட்டுக் கஷ்டம் என்று சொல்லுவேன். கஷ்டம் இருந்தது உண்மை. ஆனால், வாரத்துக்கு ஒருவர் எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்ட ஒரு டீச்சர் அந்த வருஷம் வந்ததும் உண்மை. என் முறை வருவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக் கஷ்டம் திடீரென்று முற்றிவிட்டது.

பேசாதவர்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வேலை பார்ப்பது. அதனால் என் வீட்டுக்காரரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தும், ஒரு பெரிய விஷயம் என் கண் முன்னாலேயே, சரியாகச் சொன்னால் என் தலைக்கு மேலேயே நடந்தபோது கவனிக்காமல் விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒரு ராக் கச்சேரி நடந்தது. இவர் அதுவரை செய்ததெல்லாம் கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, யாராவது பேசி யாரும் கேட்காத கூட்டம். இவ்வளவு பெரிய வேலை அதுதான் முதல் தடவை. ஒரு வாரமாக இவருக்குத் தரையில் கால் பாவவில்லை. “நீயும் வா. புருஷன் என்ன வேலை பாக்குறான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மைதானத்தின் நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நிறையப் பொத்தான்கள் வைத்த மிக்ஸர். கூட்டத்தைப் பார்த்ததும் ஒளிய ஓர் இடம் தேடினேன். மேஜைக்கு அடியில் ஒரு ஒயர் லூசாக இருந்தது. “அதை நான் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேங்க” என்றேன். ஒரு டேப் ஒட்டினால் போதும் என்று இவர் சொன்னார். “டேப் விட்டுப்போச்சுன்னா?” என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிட்டேன். நான் பார்த்த ஒரே ராக் கச்சேரியை அப்படித்தான் பார்த்தேன். செருப்புகளும் ஷூக்களும் நன்றாகத் தெரிந்தன.

காலையில் பெய்த மழையால் எல்லாம் தாமதம். கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிச் சத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். அதை முடிப்பதற்குள் வெளியே நின்ற கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு பக்கம், சுவர் ஏறிக் குதித்தவர்கள் ஒரு பக்கம். முன்வரிசைக்காக இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டிரம்மர் வந்து சேர்ந்தார். குழுவுக்குப் புதிய ஆள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பயந்து, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி டிரம்மைத் தட்டினாராம்.

மேடையில் இருப்பவர்களிடம் இவர் பேசுவது, அவர்களுக்கு மட்டும் கேட்கிற சின்ன ஸ்பீக்கர்கள் வழியாக. அன்று அவை மழையில் நனைந்து ஊமையாகிவிட்டன. அதனால் மைதானம் முழுக்கக் கேட்கிற பெரிய ஸ்பீக்கர்களிலேயே பேசினார். கிட்டார்காரரிடம் “வாசிங்க” என்பார், பாடுகிறவரிடம் “பாடுங்க” என்பார். டிரம் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன சொல்வார்?

“அடிங்க” என்றார்.

அப்புறம், “பயப்படாதீங்க, அடிங்க.” அப்புறம், “இது பத்தாது. இன்னும் ஓங்கி அடிங்க.” அப்புறம், “நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

காதில் ஹெட்போன். கண் மிக்ஸரில் சத்தத்தின் அளவைக் காட்டி ஆடிய ஊசி மேல். வேலை என்று வந்துவிட்டால் இவருக்கு ஊசிதான் உலகம். மேஜைக்கு அடியில் எனக்குத் தெரிந்தது இதுதான்: எல்லா ஷூக்களும் முதலில் மேடையைப் பார்த்து நின்றன. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பின. பிறகு ஒரு ஷூ காலில்லாமல் தனியாக வந்து என் மடியில் விழுந்தது.

நாற்காலிகள் பறந்தன. இரும்புத் தடுப்பு ஆட்கள் மேல் சாய்ந்தது. பெரிய ஸ்பீக்கர் கோபுரம் ஒன்று விழுந்தது. பலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாணவனுக்குத் தாடை உடைந்து மாசக்கணக்கில் உறிஞ்சுகுழலில் சாப்பிட்டான் என்று பேப்பரில் வந்தது. இவரும் கடைசியில் ஹெட்போனோடு மேஜைக்கு அடியில் வந்து சேர்ந்தார். கூட்டுக் குடும்பத்தில் புதிதாகக் கல்யாணமான எங்கள் இருவருக்கும் தனியாக உட்கார ஓர் இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ஒரே செய்தி: பாடகர் மேடையிலிருந்து “அடி, அடி” என்று தூண்டிவிட்டார். குரல் பெரிய ஸ்பீக்கரில் வந்தது, மேடையில் மைக்கோடு நின்றவர் அவர், வேறு யாராக இருக்கும்? பிடித்துக்கொண்டு போனார்கள். ரொம்ப நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, சாட்சி சரியில்லை என்று விட்டார்கள். குழு கலைந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அவரைத்தான் திட்டினோம். “பாட வந்தவனுக்கு எதுக்குடா இந்த வேலை?” என்றார் என் நாத்தனார். இவருக்கு அக்கா, பக்கத்து வீடு, சுவர் ஒன்று இடையில் இருக்கிறது என்பதை இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. “வாய்க்கொழுப்பு” என்றார் இவர், நெற்றிக் காயத்துக்கு மருந்து தடவிக்கொண்டே.

நான்? இவர் ‘அடிங்க’ என்று சொன்னதை நானும்தான் கேட்டேன். ஆனால் கீழே மேளக்காரரை வைத்து மைக் சோதிக்கும்போதெல்லாம் இவர் சொல்கிற அந்த வார்த்தை எனக்கு அப்போதே பழகிப்போயிருந்தது. ஒழுகுகிற குழாய்ச் சத்தம் மாதிரி. யாராவது நிறுத்தினால்தான் காதில் விழும்.

பல வருஷம் போய், போன மழைக்காலத்தில் ஒரு பெண் எங்கள் மாடிக்கு வந்தாள். அந்தக் கச்சேரியைப் பற்றி டாக்குமெண்டரி படம் எடுக்கிறாளாம். மெலிந்த பெண், கனமான பை. “அன்னிக்கு சவுண்ட் பார்த்தது நீங்கதானே சார்? ஒரு பேட்டி வேணும்” என்றாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, அவளைச் சிறந்த ஸ்பீக்கர் மேல் உட்கார வைத்தார்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அன்று கூட்டத்தில் யாரோ கைக் கேமராவில் எடுத்த படம். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கேமராவோட மைக்ல பதிவு பண்ணியிருக்காங்க. இரைச்சல் ஜாஸ்தி. ஆனா பாருங்க, நம்ம ஸ்பீக்கர் எவ்வளவு சுத்தமா கேக்குது!”

அப்போது அந்தக் குரல் வந்தது. ‘பயப்படாதீங்க, அடிங்க. இன்னும் ஓங்கி அடிங்க.’

எனக்குக் கையிலிருந்த டம்ளர் நழுவப் பார்த்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஒரு பாராட்டு இருந்தது.

“குரல் தெளிவா இருக்கே. மைக் பழகின ஆள். மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் வைக்கணும்னு தெரிஞ்சு பேசியிருக்கான், பாவி.”

“அது பாடகர் இல்லேன்னு அவர் இன்னிக்கும் சொல்றார் சார். யார் குரல்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?”

“இன்னொரு தடவை போடுங்க” என்று இவர் முன்னால் சாய்ந்தார். மறுபடியும் போட்டாள். வாசலில் காலிப் பாத்திரத்தோடு வந்து நின்ற என் நாத்தனார், உள்ளே காலை வைப்பதற்கு முன்பே வாயை வைத்தார்.

“டேய், இது நீதானடா!”

“நானா? என்னக்கா நீ, என் குரல் இவ்வளவு கீச்சுனு இருக்குமா?”

“கீச்சுதான்டா. பொறந்ததுலேருந்து கீச்சுதான். உன்கிட்ட யார் சொல்லப் போறா? இவளா?” என்று என்னைக் கை காட்டினார்.

மூன்றாம் தடவை ஓடியது. இவர் கேட்டார். ஊரார் குரலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தவர், தன் குரலை அன்றைக்குத்தான் அடையாளம் கண்டார். முகம் அப்படியே செத்துப்போனது. எழுந்து, “கீழ கொஞ்சம் வேலை இருக்கு” என்று படியிறங்கிப் போய்விட்டார். கீழே ஒரு வேலையும் இல்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்தார். “இவளும் அன்னிக்கு அங்கதான் இருந்தா. இவளைக் கேளு. ஏய், சொல்லேன்டி. அவன் ஏன் அப்படிச் சொன்னான்?”

சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரியும். மனசுக்குள் வரிசையாக நின்றது: இவர் டிரம்மரிடம் சொன்னார், டிரம்மை அடிக்கச் சொன்னார், தினமும் சொல்கிற வார்த்தை அது. இவருக்காக இதைக்கூடச் சொல்லாவிட்டால் நான் என்ன மனைவி? சரி என்று தலையாட்டினேன். அந்தப் பெண் என் எதிரே கேமராவை நிற்க வைத்தாள். என் கழுத்துப் பக்கம் துணியில் ஒரு குட்டி மைக்கைச் செருகினாள். கேமராவின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. என் வகுப்பு டீச்சர் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

“நான் அன்னிக்கு இவர் பக்கத்துலதான் இருந்தேன்” என்றேன். நன்றாகவே ஆரம்பித்தேன். “இவர்தான் அடிங்க அடிங்கன்னு சொன்னாரு. ஓங்கி அடிங்கன்னு சொன்னாரு.”

அதற்கு மேல் தொண்டையில் கதவு சாத்திக்கொண்டது. வாய் திறந்தே இருக்கிறது, வார்த்தை வரவில்லை.

“வேற ஏதாவது சொல்றீங்களா அக்கா?”

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். ‘இருக்கு, ஆனா வரலை’ என்று அர்த்தம். ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. அந்தப் பெண் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். “சொந்தக் கணவர்னும் பார்க்காம உண்மையைச் சொன்னீங்களே அக்கா, உங்க தைரியம் யாருக்கும் வராது.” என் ஆயுளில் என்னைத் தைரியசாலி என்று ஒருவர் சொன்னது அந்த ஒரே தடவை. அதை மறுத்துச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் படியிறங்கிய பிறகு நாத்தனார் கன்னத்தில் கை வைத்தார். “அடிப்பாவி! வாயைத் திறக்க மாட்டே, திறக்க மாட்டேன்னு இருந்து, திறந்ததும் குடும்பத்தையே கவுத்துட்டியே!”

இவர் மேலே வந்தார். என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்தார்.

“டிரம்மைன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“வரலைங்க.”

“என்ன வரலை?”

“டிரம் வரலை.”

இவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது அப்புறம்தான், ரொம்ப நாள் கழித்து.

என் நாத்தனார் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரிடமும் ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்று மட்டும்தான் சொன்னார். ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு மைக் செட் சொல்லியிருந்த பள்ளிக்கூடத்தில் இருந்து, இந்த வருஷம் பிள்ளைகள் மைக் இல்லாமலே பேசட்டும் என்று நினைக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். தெருமுனைத் தையல்காரர் இவரைப் பார்த்ததும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க மெஷினை வேகமாக மிதித்தார். அதைக்கூட இவர் தாங்கிக்கொண்டார். ஆனால் கீழே உட்கார்ந்து ஒரு மைக்கை ரிப்பேர் பார்த்துவிட்டு, அதைச் சோதிக்க வாயருகே கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். விரல் நகத்தால் தட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. படம் வெளியே வந்தால் உலகத்துக்கு முன்னால் இவர் கலவரக்காரர். அதற்குச் சாட்சி, நான்.

இவர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். “படம் எடிட்டிங்ல இருக்கு சார். நேர்ல வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் நான் அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். டிரம்மை, டிரம்மை, டிரம்மை. கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது நல்லவேளை இவர் பதில் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. இவ்வளவு கவலையிலும் இவர் அதைக் கையால் அழுத்திப் பார்த்து, “நல்ல வேலை” என்றார். உள்ளே அந்தப் பெண்ணும், பருத்த, தலைமுடி கொட்டிப்போன ஓர் ஆளும் இருந்தார்கள். சாயம்போன சட்டை, பையில் வேன் சாவி.

“பள்ளி வேன் ஓட்டுறாரு” என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் தயங்கி, “அந்தக் குழுவோட பாடகர்.” பிறகு அவரிடம் திரும்பி இவரைக் காட்டினாள். “இவர்தான் சார் அது.”

பாடகர் எழுந்திருக்கவில்லை. இவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். இவர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அறையில் பாதி மடங்கி நின்றார். திரையில் என் முகம் உறைந்து நின்றது. பெரிதாக, வாய் திறந்து. பல்லுக்கு நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கீழே எழுத்தில், ‘ஓங்கி அடிங்கன்னு சொன்னாரு’.

“அக்கா ஏதோ சொல்ல வேண்டியது பாக்கி இருக்குன்னு சார் சொன்னாரு” என்றாள் அந்தப் பெண்.

நான் திரையையே பார்த்தேன். திரையில் இருந்த நான் உதவிக்கு வருகிற மாதிரி தெரியவில்லை.

பாடகர்தான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டார். “யாரைம்மா அடிக்கச் சொன்னாரு?”

“டிரம்மை!”

அந்தச் சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். பஞ்சு ஒட்டிய சுவர் இல்லாவிட்டால் கீழே கண்ணாடி உடைந்திருக்கும்.

“எதை?”

“டிரம்மைங்க. டிரம்மர் பயந்து மெதுவா அடிச்சாரு. அதான் பயப்படாதீங்க, ஓங்கி அடிங்கன்னாரு. டெஸ்டிங். இவர் எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்வாரு. மேடைச் சின்ன ஸ்பீக்கர் வேலை செய்யல, அதான் பெருசுல பேசினாரு.” ஒரு தடவை கதவு திறந்ததும் இத்தனை வருஷச் சரக்கும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தது.

பாடகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டிரம்மையா…” என்றார். சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திடீரென்று நிறுத்தினார். “எங்கம்மா இன்னிக்கும் சோறு போடும்போது கேக்குறாங்க. ‘நல்லாத்தானடா வளத்தேன், ஏன்டா அப்படிச் சொன்னே’ன்னு. நான் சொல்லலம்மான்னா, ‘சரி சாப்பிடு’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

அந்தப் பெண் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பக்கத்துத் திரையில் பழைய பதிவை எடுத்தாள். ஏதேதோ பொத்தான்களை அழுத்தி, கூட்டத்தின் இரைச்சலைக் குறைத்தாள். ‘அடிங்க’ என்றது குரல். அதன் பின்னால், அடியாழத்தில் இருந்து ஒரு ‘டொம்’. ‘பயப்படாதீங்க, அடிங்க.’ டொம், டொம். ‘இன்னும் ஓங்கி அடிங்க.’ டொம்! மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. நாலாவதாக என் முகத்திலும் வந்திருக்கும். திரையில் இருந்த என் முகத்தில்தான் இல்லை.

“போதும் சார். இது போதும். இதைவிடச் சாட்சி வேணாம்” என்றாள் அந்தப் பெண். பதிவு தானாக ஓடிக்கொண்டே இருந்தது.

‘ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க.’

டொம் வரவில்லை.

‘அடிங்க! நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அடிங்க!’

நாற்காலி உடைகிற சத்தம். யாரோ ஒருவர் அம்மா என்று கத்தியது. கேமரா ஆடி, ஒரு நொடி மேடை தெரிந்தது. டிரம் இருந்தது. அதன் முன்னால் ஸ்டூல் இருந்தது. ஸ்டூலில் ஆள் இல்லை. ‘அடிங்க’ என்றது என் வீட்டுக்காரரின் குரல், பொறுமையாக, வேலையில் கவனமாக.

அந்தப் பெண் அவசரமாக நிறுத்தினாள். கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தாள். “இந்தக் கடைசித் துண்டு வேண்டாம் சார். குழப்பும். டிரம் சத்தம் வர்ற வரைக்கும் வெச்சுட்டு, மீதியை வெட்டிடலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“வெட்டிடுங்க” என்றேன் உடனே. பேச்சு வந்த முதல் நாளிலேயே முந்திக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பாடகரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு வேன் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எங்களுக்கும்தான். எழுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

இவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு தடவை போடும்மா.”

“சார், வேண்டாமே…”

“போடு.”

போட்டாள். இவர் ஒவ்வொரு ‘அடிங்க’வுக்கும் ஒரு விரலை மடக்கினார். டொம் வராத இடத்தில் விரலை மடக்காமல் நிறுத்திக்கொண்டார்.

“வெட்ட வேண்டாம்” என்றார்.

“என்னங்க!” என்றேன்.

“நீ சும்மா இரு.” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இவருக்கு வந்தது அன்றைக்குத்தான். “டிரம் சத்தம் வரலேன்னதும் ஒயர் போச்சுன்னு நெனச்சேன்மா. ஊசி ஆடலை. ஊசியையே பாத்துட்டு, திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருந்தேன். அங்க அடிபட்டுக் கிடக்குறாங்க. அந்த நேரத்துல நான் சொன்னது டிரம்மருக்குன்னு எப்படிச் சொல்றது? டிரம்மர்தான் இல்லையே.” பாடகர் பக்கம் திரும்பினார். “உங்களை வாய்க்கொழுப்புன்னு சொன்னேன். எங்க வீட்ல எல்லாரும் சொன்னோம்.”

பாடகர் சாவியைத் திருகுவதை நிறுத்தினார்.

“வெட்டாம வெச்சா, பாக்குறவங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க சார்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக. “பாதிப் பேர் இதை மட்டும்தான் ஞாபகம் வெச்சுப்பாங்க.”

“வெச்சுக்கட்டும். அதையும் என் வாயாலயே சொல்லிடறேன். கேமரா எங்க?”

அவள் கேமராவை எடுத்து நிறுத்தினாள். இவர் சுவரோரமாகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். குட்டி மைக்கை இவரே சட்டையில் செருகிக்கொண்டார். இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே ஃபேன் இரைந்தது. பாடகர் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு, உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். பேசத் தெரிந்தவர் என்று நான் நம்பியிருந்தவர், எதிரே ஒரு மனுஷர் நிற்கும்போது எப்படிப் பேசுவது என்று தெரியாமல், தொண்டையை மூன்று நான்கு தடவை செருமினார்.

“அது என் குரல்தான்” என்றார். “டிரம்மை அடிக்கச் சொன்னேன். டிரம்மர் ஓடின பிறகும் சொன்னேன். தலையை நிமிர்த்திப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன். மைக் என் கையிலதான் இருந்துச்சு. நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தா மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் பாக்கலை.”

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தே இருந்தது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டார். “சரியா கேட்டுச்சா?”

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள், சுவரோரம் நின்ற பாடகர் சொன்னார்.

“கேட்டுச்சு.”